பேனா முனையில் அமுக்கிய பட்டன்

ஓரிக்கை போகிற வழியில், பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் பாய்லர் பார்ப்பவள் சுகாசினி. அவளைப் பற்றி நாலு பேரைக் கேட்டால் மூன்று பேர் வாய்க்காரி என்பார்கள். நாலாவது ஆள் அவளிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டவனாக இருப்பான். அவன் எதுவும் சொல்ல மாட்டான்.

வாய்க்காரிதான், யார் இல்லை என்றார்கள்? அந்த வாய் இல்லாவிட்டால் அவளை இந்நேரம் மென்று துப்பியிருப்பார்கள். அம்மா கங்கையம்மாள் காலம் முழுக்க நாற்று நட்டதும் களை பறித்ததும் அடுத்தவன் நிலத்தில். மகள் ஐ.டி.ஐ. படித்தாள். பாய்லர் இயக்குவதற்கான சான்றிதழ்த் தேர்வு எழுதினாள். பொம்பளைக்கு எதற்குப் பாய்லர் என்று கேட்ட கம்பெனிகளின் வாசலில் எல்லாம் நின்றாள். கடைசியில் இங்கே வேலை கிடைத்தது. ஊருக்குள் அவளை அடையாளம் சொல்ல இன்றைக்கும் காலனிக்காரி என்பார்கள். அப்படிச் சொன்னவனின் முகத்துக்கு நேரே நின்று, "ஆமா, காலனிதான். பாய்லர்காரின்னும் சேர்த்துச் சொல்லு," என்பாள்.

இரவு ஷிப்ட் ராமராஜனுடையது. கங்கையம்மாள் களை பறித்தது இந்த ராமராஜனுடைய அப்பாவின் நிலத்தில்தான். அந்த நிலம் இப்போது இல்லை. மனை போட்டு விற்று, விற்றதைத் தின்று, மிச்சமிருந்த கௌரவத்தை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவனும் வேலைக்கு வந்துவிட்டான். அதே காக்கி உடுப்பு, அதே நாற்காலி, அதே பேனல். காலையில் அவன் எழுந்தால் அவள் உட்காருகிறாள். சாயங்காலம் அவள் எழுந்தால் அவன் உட்கார வேண்டும். அது அவனுக்கு வயிற்றில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

உட்காருவதற்கு முன் நாற்காலியில் செய்தித்தாள் விரிப்பான். அவளோடு நேரே பேச மாட்டான். ஷிப்ட் மாறும்போது பாய்லரின் நிலவரத்தை ஒருவர் மற்றவருக்குச் சொல்லியாக வேண்டும் அல்லவா? அதற்கு நடுவில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. அடுப்பில் விறகு போடுகிற தாவீதுதான் அந்த ஆள்.

"தாவீது, பம்பு எப்படி இருக்குதுன்னு கேளு," என்பான் ராமராஜன், கைக்கெட்டும் தூரத்தில் அவள் நின்றுகொண்டிருக்கும்போதே.

"தாவீதண்ணா, பம்பு நல்லாத்தான் இருக்குது, கேக்கறவருக்குத்தான் காது அடைச்சிருக்குது போலன்னு சொல்லு," என்பாள் சுகாசினி.

தாவீதுக்கு ஐம்பத்தைந்து வயது. ஓய்வு பெறும்வரை யார் வாயிலும் விழாமல் போய்விட வேண்டும் என்பதே அவருடைய ஒரே பிரார்த்தனை. "பம்பு நல்லா இருக்குதாம்பா," என்று பாதியை மட்டும் சொல்லிவிட்டு விறகுப் பக்கம் போய்விடுவார்.

இனி அந்தப் பேனலைச் சொல்ல வேண்டும். சுவரோரம் நிற்கும் சாம்பல் நிற இரும்புப் பெட்டி அது. அதன் முகத்தில் தீப்பெட்டி அளவுக்குச் சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோளாறின் பெயர்: தண்ணீர் குறைவு, பம்ப் நின்றது, நீராவி அழுத்தம் அதிகம். கோளாறு வந்தால் மேலே இருக்கும் ஹூட்டர் கத்தும். பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும் கத்தல். கூடவே அந்தக் கோளாறின் ஜன்னல் சிவப்பாகக் கண் சிமிட்டும். கீழே ரப்பர் மூடி போட்ட பட்டன்கள். அதில் ஒன்றை அமுக்கினால் ஹூட்டர் அடங்கும், சிமிட்டின விளக்கு சிமிட்டாமல் நின்று எரியும். அதற்கு அக்னாலெட்ஜ் என்று பெயர். வாயில் நுழையாததால் எல்லோரும் அக்கு என்பார்கள். அக்கு அமுக்கினால் 'பார்த்துவிட்டேன், கத்தாதே' என்று பேனலிடம் சொன்னதாக அர்த்தம், அவ்வளவுதான். கோளாறு அப்படியேதான் இருக்கும். ஆள் போய் அதைச் சரிசெய்துவிட்டு வந்து ரீசெட் அமுக்கினால்தான் விளக்கு அணையும். சரிசெய்யாமல் ரீசெட்டை நாள் முழுக்க அமுக்கிக்கொண்டிருந்தாலும் அணையாது.

அந்த அக்கு பட்டனை ராமராஜன் விரலால் அமுக்க மாட்டான். பாக்கெட்டிலிருந்து நீலப் பேனாவை எடுத்து அதன் முனையால் குத்துவான். கொரோனா வந்த காலத்தில் எல்லோரும்தான் முழங்கையாலும் பேனாவாலும் அமுக்கினார்கள், அதில் வித்தியாசம் தெரியவில்லை. கொரோனா போயிற்று, முகக்கவசம் போயிற்று, ராமராஜனின் பேனா மட்டும் போகவில்லை. சுகாசினிக்கு அப்போதே மனசில் தட்டியது. ஆனால் தட்டியதை வைத்து ஒருவனைக் குற்றம் சொல்ல அவள் விரும்பவில்லை. சாட்சி வேண்டும்.

சொந்தக்காரர் கல்யாணத்துக்காக லீவு போட்டபோது அது கிடைத்தது. அவளுக்குப் பதில் வேறொரு ஆள் பகல் ஷிப்ட் பார்த்தான். திரும்பி வந்ததும் தாவீதை மடக்கினாள்.

"நான் இல்லாதப்ப அவரு எதால அமுக்கினாரு?"

"எனக்கு இன்னா தெரியும், நான் விறகு போட்டுக்கினு இருந்தேன்."

"தாவீதண்ணா."

அவர் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டார். "விரலாலதாம்மா. விடு. இதெல்லாம் ஒரு விஷயமா?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மா ராமராஜன் வீட்டுக் கொல்லையில் தேங்காய் ஓட்டில் டீ குடித்ததைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறாள். இப்போது ஓட்டுக்குப் பதில் பேனா. சண்டை போட்டிருக்கலாம். போட்டால் என்ன சொல்வான்? கிருமி என்பான், பழக்கம் என்பான், அவளைத்தான் எல்லோரும் சண்டைக்காரி என்பார்கள். அன்று சாயங்காலம் கேட்டுக்கு எதிரே இருக்கிற கடையில் மசால் வடை வாங்கித் தின்றாள். கையைக் கழுவவில்லை. எண்ணெய் வழிகிற விரலோடு வந்து ஒவ்வொரு பட்டனையும் ஆசை தீரத் தடவிவிட்டு, நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் ஒரு பிடி பிடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து அது தினசரி வழக்கமாகிவிட்டது. அவன் பேனாவை அழுத்தமாகக் குத்தக் குத்த, இவள் வடையில் எண்ணெய் அதிகமாகப் போடச் சொன்னாள். தாவீதுக்கு எல்லாம் தெரியும். அவர் விறகைப் பார்த்துக்கொண்டார்.

ஆவணி முகூர்த்தங்களுக்கான நூல் மலைபோல் குவிந்திருந்த ஒரு முற்பகலில் அது நடந்தது. சுகாசினி கதவுக்கு வெளியே, தண்ணீரின் உப்பை எடுக்கும் தொட்டியைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தாள். அது அவள் வேலைதான். ஹூட்டர் அடித்தால் அங்கே செத்தவனுக்கும் கேட்கும். ஹூட்டர் அடிக்கவில்லை. மூக்கில்தான் முதலில் ஏறியது, பெயின்ட் கருகுகிற நாற்றம்.

ஓடி வந்தாள். பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு இல்லை. பேனலில் 'பம்ப் நின்றது', 'தண்ணீர் குறைவு' என்கிற இரண்டு ஜன்னலும் சிமிட்டாமல், சத்தமில்லாமல், சாவதானமாக எரிந்துகொண்டிருந்தன. எண்ணெயில் எரிகிற பாய்லர் என்றால் தானே அணைந்துவிடும். இது சவுக்குக் கட்டை பாய்லர். எரிகிற கட்டையை எந்தப் பட்டனும் அணைக்காது.

தாவீது பதறிப்போய்ப் பக்கத்து பம்பைப் போடக் கை நீட்டினார். "தண்ணி விடாதண்ணா, விட்டா வெடிச்சிடும். கட்டையை வெளிய இழு," என்று அவர் கையைத் தட்டிவிட்டாள். காய்ந்து சிவந்த குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் கூரை இருக்காது. இருவருமாக இரும்புக் கொக்கியால் நெருப்புக் கட்டைகளை இழுத்து வெளியே தள்ளினார்கள். அவள் முன்கையில் தோல் வெந்து சுருண்டது. பாய்லர் வெடிக்கவில்லை. ஆனால் உள்ளே குழாய்கள் பழுத்து ஒழுக ஆரம்பித்துவிட்டன. தொழிற்சாலை நின்றது.

மேனேஜர் ராஜகோபால் வந்ததும் முதலில் பார்த்தது பேனலைத்தான்.

"லைட்டு நின்னு எரியுது. அக்கு அமுக்கிட்டு எங்கம்மா போன?"

"நான் அமுக்கல சார். ஹூட்டரே அடிக்கல."

"ஹூட்டர் அடிக்காம லைட்டு எப்படி நின்னு எரியும்? அமுக்கினாத்தானே நிக்கும்?"

அப்படித்தான் அவளும் படித்திருந்தாள்.

வீட்டிலிருந்து ராமராஜனை வரவழைத்தார்கள். அவன் ஹூட்டரின் ஒயரைக் கழற்றி நேரே கரண்ட் கொடுத்துப் பார்த்தான். காதைப் பிளந்துகொண்டு கத்தியது. "ஹூட்டர் நல்லாத்தான் இருக்குது சார்," என்றான். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான். "அமுக்கிட்டுத் தூங்கியிருப்பாங்க. இவங்களுக்கு எல்லாம் பொறுப்பைக் குடுத்தா இப்படித்தான் சார். எங்கப்பா காலத்துலயே பாத்திருக்கோம்."

தாவீது வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். ராஜகோபால் அவரைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

ராஜகோபால் கெட்டவர் இல்லை. தலைவலி சீக்கிரம் தீர வேண்டும் என்று நினைக்கிறவர். அப்படிப்பட்டவர்களால்தான் பாதிக் கெடுதல் நடக்கிறது. "தூங்கினேன்னு எழுத வேணாம்மா. உடம்புக்கு முடியல, வேலையை விட்டு நிக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடு," என்றார், ஏதோ வரம் கொடுப்பதுபோல.

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் பாய்லர் வைத்திருக்கிற கம்பெனிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். பாய்லரைக் காய விட்டுத் தூங்கினவள் என்ற பேர் வந்துவிட்டால், சான்றிதழை வைத்து விசிறிக்கொள்ள வேண்டியதுதான். அவள் படிப்பு, அவள் வாய், அம்மாவின் முதுகு, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

"எழுத மாட்டேன் சார்," என்றாள். "பேனல் செஞ்ச கம்பெனி ஆளு வந்து பாக்கட்டும். நான் அமுக்கினேன்னு அவங்க சொல்லட்டும், போறேன்."

ஆள் வரும்வரை அவளை உள்ளே விடவில்லை. உள்ளே பம்பைச் சரிசெய்து, பழுத்த குழாய்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் தினமும் உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து கேட்டருகே வாட்ச்மேன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெந்த கையில் மருந்து பூசிக்கொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் முறைத்தாள். ராமராஜன் அவளைத் தாண்டிப் போகும்போது விசில் அடித்தான்.

வந்தவள் பிரியதர்ஷினி, பேனல் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர். ஒரு சாயங்காலம், ஷிப்ட் மாறும் நேரத்துக்குச் சற்று முன், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையைக் கீழே வைத்ததும், "எல்லாரும் பேனலை விட்டுத் தள்ளி நில்லுங்க," என்றாள். மேனேஜர், ராமராஜன், தாவீது மூவரும் ஒதுங்கினார்கள். சுகாசினி கதவு நிலையில் நின்றாள்.

பிரியதர்ஷினி டெஸ்ட் பட்டனை அமுக்கினாள். அதை அமுக்கினால் எல்லாக் கோளாறும் ஒன்றாக வந்ததுபோல் பேனல் நினைத்துக்கொள்ளும். ஹூட்டர் அலற வேண்டும், ஜன்னல்கள் எல்லாம் சிமிட்ட வேண்டும். ஜன்னல்கள் எரிந்தன. ஆனால் ஒன்றுகூடச் சிமிட்டவில்லை. ஹூட்டர் மூச்சு விடவில்லை.

"யாரும் அக்கு பட்டன்ல கை வைக்கலியே?"

யாரும் வைக்கவில்லை என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சுகாசினி நிலையை விட்டு ஓரடி உள்ளே வந்தாள்.

பிரியதர்ஷினி திருகாணிகளைக் கழற்றி அக்கு பட்டனை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இங்க பாருங்க சார். ரப்பர் மூடி முழுக்க ஓட்டை. ஒரு ஓட்டை கிழிஞ்சு, ரப்பர் உள்ள மடங்கி மாட்டிக்கிச்சு. பட்டன் அமுக்கின மாதிரியே நின்னுடுச்சு. அலாரம் வர்ற நொடியே, யாரோ பாத்துட்டாங்கன்னு நினைச்சுக்கினு பேனல் வாயை மூடிக்கும். லைட்டு மட்டும் நின்னு எரியும். அன்னிக்கு இந்தம்மா அமுக்கத் தேவையே இல்ல."

பிறகு பட்டனை உற்றுப் பார்த்தாள். "ஓட்டையைச் சுத்தி நீல மை இருக்குது. பேனாவால குத்துறது யாரு?"

ராஜகோபாலின் கண் ராமராஜனின் சட்டைப் பைக்குப் போயிற்று. நீலப் பேனா அங்கேயே இருந்தது.

"கொரோனாவுல பழகிப்போச்சு மேடம்," என்றான் ராமராஜன்.

"நான் லீவுல இருந்தப்ப விரலாலதான் அமுக்கினாரு," என்றாள் சுகாசினி. "தாவீதண்ணாவ கேளுங்க."

எல்லோரும் தாவீதைப் பார்த்தார்கள். பாவம், மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். ராமராஜன் அவரையே முறைத்துக்கொண்டிருந்தான். தாவீது துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஆமா சார். சுகாசினி வந்த நாள்ல மட்டும்தான் பேனா," என்றார். "ஹூட்டரும் அன்னிக்கு அடிக்கல சார். அப்பவே சொல்லியிருக்கணும்."

அந்த அறையில் இருந்தவர்களுக்கு விளங்காமல் இல்லை. விளங்கியதை யாரும் வாயால் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் சொல்லாமல் இருப்பதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். ராஜகோபால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சரி, புது பட்டன் போட்டுவிடலாம் என்றார்.

"இன்னொண்ணு இருக்குது சார்," என்றாள் பிரியதர்ஷினி, விரலை மோந்து பார்த்து. "ரப்பர் ஊறிப்போயிருக்குது. எண்ணெய். ஊறினதாலதான் கிழிஞ்சது உள்ள ஒட்டிக்கிச்சு. பேனா மட்டும்னா ஒருவேளை மீண்டு வந்திருக்கும். இங்க எண்ணெய் எப்படி வந்துச்சு?"

ராமராஜன் தலையை நிமிர்த்தினான். "எண்ணெய்க்கு நான் பொறுப்பு இல்ல சார்," என்றான் வேகமாக.

தாவீது அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், சொல்லாதே என்று. சொல்ல வேண்டியதும் இல்லை. பம்பில் எண்ணெய் போட்ட கை என்றால் முடிந்தது. வேலை அவள் கைக்குத் திரும்பி வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஆனால் பேனாவைப் பழக்கம் என்று அவன் புளுகியதைக் கேட்ட அதே இடத்தில் நின்று தானும் ஒரு புளுகைச் சொல்ல அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அது வடை எண்ணெய் சார். நான்தான் தடவினேன்," என்றாள். "தினமும் தடவினேன். நான் தொட்டதைத் தொட மாட்டேன்னு பேனா எடுத்தாரு. அதான், நல்லாத் தொட்டு வெச்சேன். எனக்கு மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா நான் தூங்கல. அதை முதல்ல சொல்லுங்க."

ராஜகோபால் நெற்றியைத் தேய்த்தார். வெளியே சாயக்கூடத்து ஆட்கள் கதவருகே சேர்ந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே அவர் சொல்ல வேண்டியதாயிற்று. "தூங்கல. சரிம்மா. உம்மேல தப்பா சொல்லிட்டேன். மெமோ ரெண்டு பேருக்கும் உண்டு."

பிரியதர்ஷினி புது பட்டனைப் பொருத்தினாள். "ரெண்டு ஆபரேட்டரும் என் முன்னாடி அமுக்கிக் காட்டிட்டுத்தான் நான் போக முடியும். விரலால. பேனா உள்ளயே வரக்கூடாது."

முதலில் சுகாசினி. ஹூட்டர் அலறியது, ஜன்னல்கள் சிமிட்டின. அக்கு அமுக்கினாள், அடங்கியது. பிரியதர்ஷினி டெஸ்ட்டை விட்டதும் ரீசெட் அமுக்கினாள், எல்லாம் அணைந்தன. வெறும் விரல், வெந்த கையின் விரல்.

அடுத்தது ராமராஜன். பிரியதர்ஷினி நகர்வதற்குள் சுகாசினியே டெஸ்ட் பட்டனை அமுக்கினாள். ஹூட்டர் அலறியது. அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் வேறெங்கோ பார்த்தார். கதவருகே நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்தார்கள். அவன் விரலை நீட்டி, அவள் விரல் பட்ட அதே இடத்தில் அமுக்கினான். ஹூட்டர் அடங்கியது. ரீசெட்டையும் அமுக்கினான். விளக்குகள் அணைந்தன.

பிறகு அவன் கை கீழே இறங்கி, அந்த விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டது.

அவனுக்கே தெரிந்திருக்காது. ஆனால் அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பிரியதர்ஷினி பையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"தொடச்சிட்டீங்க," என்றாள் சுகாசினி. அவனோடு அவள் நேரே பேசிய முதல் வார்த்தை அதுதான். மறுபடி டெஸ்ட் பட்டனை அமுக்கினாள்.

ஹூட்டர் அலறியது. அவன் அமுக்கினான். கை தானாகப் பேண்ட்டுக்குப் போயிற்று. அவள் மறுபடி டெஸ்ட் அமுக்கினாள். அவன் அமுக்கினான். இந்த முறை கை பாதி வழி போய்த் திரும்பியது, ஆனால் கட்டைவிரல் அந்த விரலைத் தேய்த்துக்கொண்டது. மறுபடி டெஸ்ட்.

"போதும்மா, விடேன்," என்றார் ராஜகோபால், சத்தத்துக்கு மேலே கத்தி.

"புது பட்டன் சார்," என்றாள் பிரியதர்ஷினி. "எத்தனை தடவை வேணா அமுக்கலாம்."

அவன் முகம் சிவந்து கழுத்தெல்லாம் வியர்வை. மறுபடி அமுக்கினான், மறுபடி அலறியது, மறுபடி அமுக்கினான். கதவருகே யாரும் சிரிக்கவில்லை. தாவீது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முதல் முறையாக விறகுப் பக்கம் போகாமல் நின்று பார்த்தார்.

கடைசியில் ஒருமுறை ஹூட்டர் அடங்கியபோது அவன் கை பேனலுக்கும் இடுப்புக்கும் நடுவே அப்படியே நின்றது. துடைக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சுகாசினி அதைப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஷிப்ட் முடிஞ்சிடுச்சு," என்று அவனிடமே சொன்னாள். "பம்பு நல்லா இருக்குது." சொல்லிவிட்டு ஓரிக்கை பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.